லயன் வீட்டு 'டிவி கேம்' என்ன ஆனது? மைக்ரோ ஜீனியஸ் முதல் எமுலேட்டர் வரை

நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் பிள்ளையின் கணினியில் பழைய 'சூப்பர் மரியோ'வை ஆடிப் பார்த்தால், முதலில் சொல்வது பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: "என்ன இது, இவ்வளவு வேகமா ஓடுது?" பாட்டும் அவசரப்படுவதுபோல் கேட்கும். குதிக்க வேண்டிய இடத்தில் விரல் ஒரு நொடி பிந்தும். வயதாகிவிட்டது, பழக்கம் விட்டுப்போனது என்று அவர் தன்னையே நொந்துகொள்வார்.

குறை அவரிடம் இல்லை. அந்தக் காலத்தில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பல வீடுகளில் ஓடிய மரியோ, ஜப்பான் பிள்ளைகள் ஆடிய மரியோவைவிட உண்மையிலேயே மெதுவாகத்தான் ஓடியது. அது ஏன் என்று தெரிய வேண்டுமானால், தோட்டத்து லயன் வீட்டிலும் பட்டணத்து அடுக்குமாடியிலும் தொலைக்காட்சிக்குக் கீழே இருந்த அந்தப் பெட்டி எது என்பதைப் பார்க்க வேண்டும்.

அசலும் நகலும்

தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் வீட்டுப் பெட்டிகளில் முதலாவது, 1972இல் அமெரிக்காவில் வெளிவந்த மேக்னவாக்ஸ் ஒடிசி. ரால்ஃப் பேர் என்ற பொறியியலாளரின் சிந்தனையில் உருவானது அது. 1977இல் அட்டாரி நிறுவனத்தின் பெட்டி வந்து, கேசட் மாற்றி மாற்றி ஆடும் பழக்கத்தைப் பரப்பியது. ஆனால் நம் பக்கத்து வீடுகளின் கதை 1983 ஜூலை 15ஆம் நாள் தொடங்குகிறது. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் அன்றுதான் 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' என்ற சிவப்பு வெள்ளைப் பெட்டியை 14,800 யென் விலைக்கு விற்பனைக்கு விட்டது. சுருக்கமாக ஃபேமிகாம். இதை வடிவமைத்த குழுவின் தலைவர் மசாயுகி உயேமுரா 2021இல் காலமானார்.

இரண்டு ஆண்டு கழித்து அதே பெட்டி சாம்பல் நிறத்தில், 'நெஸ்' என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. போகும்போது உள்ளே ஒரு பூட்டுச் சில்லையும் வைத்தார்கள். நின்டெண்டோவின் அனுமதி பெறாத கேசட்டைச் செருகினால் அந்தப் பூட்டு திறக்காது. ஜப்பானியப் பெட்டியில் இந்தப் பூட்டு கிடையாது. தைவான் நிறுவனங்களுக்கு இந்த வாசல் போதுமானதாக இருந்தது.

யுனைடெட் மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் என்ற தைவான் நிறுவனம் ஃபேமிகாமின் மூளைச் சில்லையும் படச் சில்லையும் போலவே வேலை செய்யும் சில்லுகளைத் தயாரித்தது. அவற்றைக் கொண்டு பல நிறுவனங்கள் பெட்டி செய்தன. தென்கிழக்காசியாவில் இவற்றில் பேர்பெற்றது, டிஎக்ஸ்சி என்ற தைவான் நிறுவனத்தின் 'மைக்ரோ ஜீனியஸ்'. எந்த நிறுவனத்தின் பெட்டியாக இருந்தாலும் மைக்ரோ ஜீனியஸ் என்றே சொல்லும் அளவுக்கு இங்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதையும் சுருக்கி 'டிவி கேம்' என்றார்கள்.

சொல்லப்போனால், ஜப்பானிய அசலை வாங்கி வந்திருந்தாலும் அது இங்கே சரியாக ஓடியிருக்காது. ஜப்பானில் என்டிஎஸ்சி என்ற ஒளிபரப்பு முறை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பால் முறை. ஜப்பானியப் பெட்டி படத்தை அனுப்பும் அலைவரிசை நம் தொலைக்காட்சியில் இல்லை. எப்படியோ படத்தைப் பிடித்தாலும் வண்ணம் வராது. மின் அடாப்டரும் 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 240 வோல்ட் சுவரில் செருகினால் கருகிவிடும். ஆக, இந்த ஊர்த் தொலைக்காட்சிக்கு ஏற்றபடி செய்யப்பட்ட நகல்தான் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்த அசல்.

வேகம் குறைந்தது எப்படி

என்டிஎஸ்சி தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை திரையை வரைகிறது. பால் தொலைக்காட்சி 50 முறை. பழைய விளையாட்டுகளுக்குத் தனிக் கடிகாரம் கிடையாது. திரை ஒருமுறை வரையப்பட்டால் மரியோ ஒரு அடி நகர்வார், பாட்டில் ஒரு துளி நகரும், அவ்வளவுதான் கணக்கு. திரை 50 முறை மட்டும் வரையப்பட்டால் எல்லாமே ஆறில் ஐந்து பங்கு வேகத்துக்கு இறங்கிவிடும். ஜப்பானில் 10 நொடியில் முடிந்த ஓட்டத்துக்கு இங்கே 12 நொடி ஆனது.

நின்டெண்டோ ஐரோப்பாவுக்கு அனுப்பிய பால் பெட்டியிலும் இதே சிக்கல் இருந்தது. அதோடு அதன் உள்வேலை மாறியிருந்ததால், ஜப்பானிய விளையாட்டுகள் சில அதில் தடுமாறின. தைவான் பொறியாளர்கள் இங்கே ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார்கள். பால் முறையில் ஒரு திரைக்குக் கூடுதலாக வரும் வரிகளை, விளையாட்டுக்குத் தெரியாத ஓர் இடைவெளியில் ஒளித்து வைத்தார்கள். சில்லின் துடிப்பையும் ஜப்பானிய வேகத்துக்கு மிக அருகிலேயே வைத்தார்கள்: அசலில் நொடிக்கு 17.9 லட்சம் துடிப்பு, நகலில் 17.7 லட்சம். இதனால் ஜப்பானியக் கேசட்டுகள் பெரும்பாலும் தடுமாற்றமின்றி ஓடின. பாட்டின் சுருதியும் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. தாளம் மட்டும் தளர்ந்தது. மரியோ பாட்டை இன்றும் முணுமுணுக்கும் பலர், தங்களுக்குத் தெரியாமலே அந்தத் தளர்ந்த தாளத்தில்தான் முணுமுணுக்கிறார்கள்.

இதே வகைப் பெட்டி 1992 இறுதியில் ரஷ்யாவில் 'டெண்டி' என்ற பெயரில் வெளிவந்து அங்கும் வீடு வீடாகப் பரவியது. ஆகவே இந்த 50 வேகத்துக்கு இன்றைய எமுலேட்டர் எழுதுவோர் வைத்திருக்கும் பெயர் 'டெண்டி முறை'. மெசென், எஃப்சியுஎக்ஸ் ஆகிய இலவச எமுலேட்டர்களில் வட்டாரத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இந்தப் பெயர் இருக்கும். அதை அழுத்தினால் மரியோ பழைய நடைக்குத் திரும்பிவிடுவார். மைக்ரோ ஜீனியஸின் பெயரும் அங்கே இருந்திருக்கலாம். என்ன செய்வது, ரஷ்யர்கள் முந்திக்கொண்டார்கள்.

'9999 இன் 1'

பெட்டியில் பூட்டு இல்லாததால் கேசட்டும் நகலாகவே வந்தது. ஒரே கேசட்டில் 64 விளையாட்டு, 168 விளையாட்டு, 9999 விளையாட்டு என்று அட்டையில் போட்டிருப்பார்கள். பட்டியலைக் கீழே இறக்கிக்கொண்டே போனால் சில பக்கங்களுக்குப் பிறகு அதே விளையாட்டுகள் வேறு பெயரில் திரும்ப வரும். ஒன்று மூன்றாம் கட்டத்தில் தொடங்கும், இன்னொன்றில் 30 உயிர் கூடுதலாக இருக்கும். உண்மையான எண்ணிக்கை பல கேசட்டுகளில் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும்.

30 உயிர் என்றதும் 'கான்ட்ரா' நினைவுக்கு வராமல் போகாது. மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்ற அந்தச் சூத்திரத்தை உருவாக்கியவர் கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹாஷிமோட்டோ. 1986இல் 'கிரேடியஸ்' விளையாட்டை ஃபேமிகாமுக்கு மாற்றும்போது, அது தனக்கே மிகக் கடினமாக இருந்ததால் சோதித்துப் பார்க்க வசதியாக இதை உள்ளே வைத்தார். பிறகு எடுக்க மறந்துபோனது. அந்த மறதிக்கு உலகம் முழுக்கப் பிள்ளைகள் கடன்பட்டிருக்கிறார்கள்.

இந்தப் பல்விளையாட்டுக் கேசட்டுகளை வெறும் திருட்டுச் சரக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 'பேட்டில் சிட்டி' என்ற டாங்கி விளையாட்டைப் பாருங்கள். இருவர் சேர்ந்து செங்கல் சுவர்களுக்கு நடுவே கழுகைக் காப்பாற்றுவார்கள். நாம்கோ நிறுவனம் 1985இல் ஜப்பானில் வெளியிட்ட இது, அமெரிக்காவில் நெஸ் கேசட்டாக வெளிவரவே இல்லை. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது தெரிந்ததற்குக் காரணம் இந்த நகல் கேசட்டுகள்தான். அதில் பிள்ளைகளே சுவர் கட்டித் தங்கள் சொந்தக் களத்தை அமைக்கும் வசதியும் உண்டு. ஆனால் மின்சாரம் போனால் கட்டியதெல்லாம் போய்விடும். இரவில் சில மணி நேரம் மட்டும் ஜெனரேட்டர் மின்சாரம் வந்த தோட்டங்களில், கட்டிய கோட்டை அன்றிரவே அழிவதுதான் வழக்கம்.

இன்னொரு வகைக் கேசட்டும் இருக்கிறது. தைவானிலும் சீனாவிலும் சில குழுக்கள் அனுமதி எதுவும் பெறாமல் சொந்தமாகவே விளையாட்டுகளை எழுதின. தைவானின் ஹம்மர் டீம் 1994இல் செய்த 'சோமாரி'யில் மரியோ, சேகா நிறுவனத்தின் சோனிக்போல் சுழன்று ஓடுவார். நின்டெண்டோவும் சேகாவும் அதை ஒருநாளும் மறுபதிப்புச் செய்யப் போவதில்லை. இத்தகைய விளையாட்டுகள் எந்த நிறுவனத்தின் காப்பகத்திலும் இருக்காது. மிஞ்சியிருப்பவை, யாரோ ஒருவர் வீட்டில் பழைய பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கும் கேசட்டுகளும், அவற்றிலிருந்து ஆர்வலர்கள் படித்தெடுத்து வைத்திருக்கும் கோப்புகளும்தான்.

முறையாக வெளிவந்த விளையாட்டுகளின் நிலையே பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறநிறுவனம் 2023இல் நடத்திய ஆய்வு கூறியது. அனுமதியில்லாத விளையாட்டுகள் அந்தக் கணக்கிலேயே வராது.

எமுலேட்டர் என்ன செய்கிறது

எமுலேட்டர் என்பது ஒரு மொழிபெயர்ப்பாளர் மாதிரி. கேசட்டில் இருப்பது ஃபேமிகாம் சில்லுக்குப் புரியும் கட்டளைகள். இன்றைய கணினிக்கோ கைத்தொலைபேசிக்கோ அந்த மொழி தெரியாது. எமுலேட்டர் ஒவ்வொரு கட்டளையாக வாங்கி, அசல் சில் இந்த இடத்தில் என்ன செய்திருக்கும் என்று கணக்குப் போட்டு அதையே செய்கிறது. படச் சில், ஒலிச் சில் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

அசல் பெட்டியின் குறைகளையும் சேர்த்துத்தான் அது நடிக்க வேண்டும். ஃபேமிகாமால் ஒரே கிடைக்கோட்டில் எட்டு உருவத் துண்டுகளுக்கு மேல் காட்ட முடியாது. எதிரிகள் கூடினால் உருவங்கள் மினுமினுத்ததற்கு அதுதான் காரணம். நல்ல எமுலேட்டர் அந்த மினுமினுப்பையும் காட்டும். அந்தப் பெட்டியின் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட் என்பதையும், 'சூப்பர் மரியோ' முழு விளையாட்டும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பெரிதாக இருக்கும். இடத்தை மிச்சப்படுத்த, மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தை வைத்து நிறத்தை மட்டும் மாற்றினார்கள்.

1996, 1997 வாக்கில் ஐநெஸ், நெஸ்டிக்கிள் போன்ற எமுலேட்டர்கள் சாதாரணக் கணினிகளிலேயே ஓடத் தொடங்கின. விளையாட்டுக் கடைகளில் இருந்த பெரிய இயந்திரங்களுக்கான 'மேம்' 1997 பிப்ரவரியில் வந்தது. ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசிகளில் இவை வெகுகாலமாகக் கிடைத்தாலும், ஆப்பிள் நிறுவனம் தன் செயலிக் கடையில் எமுலேட்டர்களை அனுமதித்தது 2024 ஏப்ரலில்தான்.

எமுலேட்டரில் எந்த நொடியிலும் ஆட்டத்தை அப்படியே உறைய வைத்துச் சேமிக்கலாம். பேட்டில் சிட்டியில் கட்டிய கோட்டையையும் இப்போது வைத்துக்கொள்ளலாம்.

சட்டம் எந்தப் பக்கம்

எமுலேட்டர் மென்பொருளும் விளையாட்டுக் கோப்பும் வேறு வேறு. இந்த இடத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள். பிளேஸ்டேஷன் எமுலேட்டர் செய்து விற்ற கனெக்டிக்ஸ் மீது சோனி தொடுத்த வழக்கில், அதற்காகச் சோனியின் மென்பொருளை ஆராய்ந்து பார்த்தது நியாயமான பயன்பாடே என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. பிறர் மென்பொருளைத் திருடாமல் எழுதப்பட்ட எமுலேட்டருக்கு அன்றுமுதல் அது பெரிய அரணாக இருக்கிறது.

விளையாட்டுக் கோப்பு அப்படியல்ல. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பொருந்தும். சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படியே. 1985இல் வந்த மரியோவின் பதிப்புரிமை இன்னும் நடப்பில்தான் இருக்கிறது. "பழசுதானே, யார் கேட்கப் போறாங்க" என்பது சட்டத்தில் எடுபடாது. கேசட் கையில் இருக்கிறது என்பதற்காக அதே விளையாட்டை இணையத்தில் இறக்கிக்கொள்ளும் உரிமை வந்துவிடாது. கோப்புகளை அள்ளி வழங்கிய 'லவ் ரோம்ஸ்' தளத்தை நடத்திய அமெரிக்கத் தம்பதியர் மீது நின்டெண்டோ தொடுத்த வழக்கு, 2018இல் ஒரு கோடியே 20 லட்சம் டாலருக்கு மேலான இழப்பீட்டுத் தீர்ப்பில் முடிந்தது.

முறையாக ஆட வழி உண்டு. கொனாமி 2019இல் கான்ட்ராவின் பழைய ஆட்டங்களைத் தொகுத்து 'கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்ஷன்' என்று கணினிக்கும் இன்றைய பெட்டிகளுக்கும் வெளியிட்டது. நின்டெண்டோ தன் பழைய விளையாட்டுகளை ஸ்விட்ச் பெட்டியில் சந்தா வழி தருகிறது. உள்ளே இருப்பது, வேறொன்றுமில்லை, எமுலேட்டர்தான்.

இணையச் சந்தைகளில் 'பத்தாயிரம் விளையாட்டு அடங்கியது' என்று விற்கப்படும் மலிவான கையடக்கப் பெட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை '9999 இன் 1' கேசட்டின் பேரப்பிள்ளைகள். பெட்டியை விற்பதில் பெரும்பாலும் சிக்கல் இல்லை; உள்ளே அடைத்திருக்கும் விளையாட்டுகளுக்கு உரிமையாளரின் அனுமதி அநேகமாக இருக்காது. அதோடு வரும் மலிவான நினைவக அட்டைகள் சில மாதங்களிலேயே படுத்துவிடுவதும் உண்டு.

பழைய பெட்டி வீட்டில் இருந்தால்

வீடு மாறும்போதும் பெருநாளுக்குச் சுத்தம் செய்யும்போதும் இந்தப் பெட்டிகள் குப்பைக்குப் போவது வழக்கம். போடுவதற்கு முன் சில விஷயங்களைப் பார்ப்பது நல்லது.

முதலில் அடாப்டர். வடிவம் பொருந்துகிறது என்று வேறு பெட்டியின் அடாப்டரைச் செருகக்கூடாது. ஃபேமிகாம் அடாப்டரில் முனையின் நடுப்பகுதி எதிர்மின். இன்றைய அடாப்டர்கள் பெரும்பாலானவற்றில் நேர்மின். பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் முனைக் குறியையும் பார்த்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

படம் வரவில்லை என்றால் அந்தக் காலத்தில் எல்லாரும் செய்தது, கேசட்டை எடுத்து வாயால் ஊதுவது. உண்மையில் பலன் தந்தது ஊதியதல்ல, எடுத்துத் திரும்பச் செருகியதுதான். எச்சில் ஈரம் செப்பு முனைகளை அரித்துவிடும் என்று நின்டெண்டோவே எச்சரித்தது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு முனைகளைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் செருக வேண்டும்.

அவசரமாகக் கவனிக்க வேண்டியது பேட்டரி. 'செல்டா', 'ஃபைனல் ஃபேன்டசி', கேம் பாயில் ஆடிய 'போக்கெமோன்' போன்ற நீண்ட ஆட்டங்களின் கேசட்டுக்குள் நாணயம்போல் ஒரு லித்தியம் பேட்டரி இருக்கும். விட்ட இடத்தை நினைவில் வைத்திருப்பது அதுதான். போக்கெமோன் கோல்ட், சில்வர் கேசட்டுகளில் கடிகாரமும் ஓடுவதால் பேட்டரி இன்னும் சீக்கிரம் தீரும். தீர்ந்த நாளில் பத்து வயது அண்ணன் சேர்த்துவைத்த அத்தனையும் போய்விடும். பேட்டரியைக் கழற்றினாலும் போய்விடும். ஆகவே, கேசட்டைக் கணினியோடு இணைத்துப் படிக்கும் சிறு கருவி வழி அந்தப் பதிவை முதலில் நகலெடுத்துக்கொண்டு, அதன் பிறகே பேட்டரியை மாற்ற வேண்டும். அது பற்றவைத்து ஒட்டப்பட்டிருக்கும் என்பதால், வானொலி பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுப்பது உத்தமம். கையடக்கப் பெட்டிகளுக்குள் பழைய ஏஏ பேட்டரி விட்டிருந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். அது கசிந்தால் உலோக முனைகளை அரித்துவிடும்.

புதிய தொலைக்காட்சியில் இணைப்பவர்களுக்கு இரண்டு ஏமாற்றம் காத்திருக்கும். மலிவான மாற்றி வழி இணைத்தால், பழைய பெட்டி அனுப்பும் படத்தைப் புதிய தொலைக்காட்சி தவறாகப் புரிந்துகொள்வது உண்டு. அடிபட்டு மின்ன வேண்டிய உருவம் முழுக்கக் காணாமல் போகும். இரண்டாவது, வாத்துச் சுடும் துப்பாக்கி வேலை செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளையாக மின்னும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கி முனையில் உள்ள கண் உடனே பார்க்க வேண்டும். தட்டைத் திரை படத்தைக் காட்டச் சிறிது தாமதிப்பதால் கண் பார்க்கும் நேரத்தில் அங்கே வெளிச்சம் இருக்காது. வாத்தைச் சுட, பின்பக்கம் புடைத்த அந்தப் பழைய கண்ணாடிக்குழாய்த் தொலைக்காட்சிதான் வேண்டும். அப்படி ஒன்று வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட வேண்டாம். அதன் உள்ளே அணைத்த பிறகும் உயர் அழுத்த மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், பின்மூடியை மட்டும் யாரும் சொந்தமாகத் திறக்கக்கூடாது.